முதல் நாள் எங்கே?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோரைப் பற்றிய கதைகளில் நாம் பெரும்பாலும் காண்பது பிரிவுத் துயரே. விமான நிலையத்தில் கண்ணீர், பின்னர் கடிதமும் பணமும், இறுதியில் கல்வீடு. அந்நிய மண்ணில் வேலை தொடங்கும் முதல் நாள் மட்டும் காணாமற் போகிறது.

அன்றுதான் மருதமுனை நெசவாளி கட்டடக் கூலியாகிறான். சட்டம் தடுத்தாலும், அவனது கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டிக்குள் போய்விடுகிறது. 'கபாலா' முறையோ வேலையையும் வதிவிட உரிமையையும் ஒருவர் கையிலேயே ஒப்படைக்கிறது.

மூதூர் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குச் சென்றபோது வயது 17. கடவுச்சீட்டிலோ வயது கூட்டப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கென்று சென்றவரிடம் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்தது, கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. 2013 ஜனவரி 9இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன்பின் அனுதாபக் கவிதைகள் பல எழுந்தன. அனுதாபம் வேண்டியதே. ஆயினும் அந்தத் துயரம் தொடங்கியது வாள்முனையிலன்று. பொய் வயது எழுதிய தரகனின் மேசையில்.

அந்த மேசையையும் முதல் நாளையும் எழுதுவதே யதார்த்தம். நுஃமானைத் தந்த கல்முனைக்கு இது இயலாததன்று. எல்லாம் விதியென்று முடியும் கதை, எழுதியவர் விரும்பாவிடினும், தரகனுக்கே துணைபோகிறது.