மின்மினிகளும் ஒரு தேற்றமும்

ஆற்றோர மரம் ஒன்று. அதில் ஆயிரக்கணக்கான மின்மினிகள். எல்லாம் ஒரே நொடியில் ஒளிர்கின்றன. ஒரே நொடியில் அணைகின்றன. தாய்லாந்தின் கழிமுக ஆறுகளில் காணப்படும் இக்காட்சியைப் பயணிகள் பலமுறை எழுதியும் அறிஞர்கள் நம்பத் தயங்கினர். மின்மினிகள் இப்படி ஒன்றாக மின்னுவதாகத் தெரிவது பார்ப்பவரின் கண்ணிமைத் துடிப்பால்தான் என்று 1917-இல் பிலிப் லாரன்ட் என்பவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்!

இந்த வியப்பில் தொடங்குகிறது, கணித அறிஞர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் 2003-இல் வெளியிட்ட ‘சிங்க்’ என்னும் ஆங்கில நூல். அதன் மின்மினி அத்தியாயத்தை மட்டும் இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

கூட்டத்துக்குத் தலைவன் தேவையில்லை என்பதைத் தெளிவாக உணர்த்துவது இவ்வத்தியாயத்தின் பெருஞ்சிறப்பு. ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் 1960-களில் பாங்காக் அருகே பிடித்த மின்மினிகளை இருட்டாக்கிய விடுதி அறையில் பறக்கவிட்டனர். அவை முதலில் தாறுமாறாக மின்னின. பிறகு இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே தாளத்துக்கு வந்தன. யாரும் தாளம் போட்டுக் கொடுக்கவில்லை.

இது எப்படி நிகழ்கிறது? ஒவ்வொரு பூச்சியையும் மின்னேற்றம் பெறும் ஒரு மின்தேக்கியாக எண்ணிக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தொட்டதும் அது ஒளிர்ந்து, மீண்டும் சுழியில் தொடங்கும். ஒன்று ஒளிரும்போது மற்றவற்றின் மின்னழுத்தம் சற்றே உயரும். இதயத்துடிப்பை விளக்க 1975-இல் சார்லஸ் பெஸ்கின் அமைத்த மாதிரி இது. இத்தகைய அலைவிகள் எத்தனை இருந்தாலும், ஏறக்குறைய எந்த நிலையில் தொடங்கினாலும், முடிவில் ஒன்றுபட்டே தீரும் என்று 1990-இல் ரெனாட்டோ மிரோல்லோவும் ஸ்ட்ரோகாட்சும் நிறுவினர். அழகான தேற்றம்!

ஆனால் தேற்றம் நிறுவியது எதை? எல்லா அலைவிகளும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொன்றும் மற்ற அனைத்தையும் காண்கிறது. ஒவ்வொன்றினுள்ளும் தவறாத கடிகாரம் ஒன்று ஓடுகிறது. இந்த நிபந்தனைகளின்கீழ்தான் முடிவு உறுதியாகிறது. ஆசிரியர் இவற்றை மறைக்கவில்லை. எனினும் ‘தவிர்க்க முடியாதது’ என்ற கருத்தை அத்தியாயத் தலைப்பிலேயே வைத்துவிட்டதால், மின்மினியின் புதிர் தீர்ந்துவிட்டது என்ற எண்ணமே வாசகர் மனத்தில் தங்குகிறது. என் மனத்திலும் அப்படித்தான் தங்கியது. பல ஆண்டுகள் வகுப்பில் அதையே சொன்னேன்; அப்படி எழுதிய மாணவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் இட்டேன்.

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் வாழும் ‘ஃபோட்டினஸ் கரோலினஸ்’ என்னும் இனம் என்னைத் திருத்தியது. இவ்வின ஆண்பூச்சிகள் சில மின்னல்களை அடுக்கடுக்காக வெளியிட்டு, பின் சில நொடிகள் இருண்டிருக்கும். ஓரிட் பெலெக், ரஃபேல் சர்ஃபாத்தி முதலியோர் ஒற்றைப் பூச்சியைக் கூடாரத்துள் விட்டு நோக்கினர். அதன் இருள் இடைவெளிகளில் ஒழுங்கே இல்லை! பூச்சிகளைக் கூட்டக் கூட்டத்தான் சீரான தாளம் பிறந்தது. இம்முடிவுகள் 2023-இல் வெளியாயின. தனிப்பூச்சியிடம் இல்லாத கடிகாரம் கூட்டத்தில் தோன்றுகிறது என்பது இதன் பொருள்.

இது மாயமன்று. ஆசிரியர் வராத வகுப்பை நினைத்துப் பாருங்கள். தனியே அமர்ந்த மாணவன் எப்போது வாய் திறப்பான் என்று சொல்ல முடியாது. ஐம்பது பேர் இருந்தால், யாராவது ஒருவன் விரைவில் தொடங்கிவிடுவான், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அடக்கிவிட்டுப் போனால், ஏறக்குறைய அதே நேரத்தில் மறுபடி அதே கதைதான். யார் தொடங்குவது என்பது தற்செயல். எப்போது என்பதோ சீராகிவிடுகிறது. மின்மினிக் கூட்டத்திலும் முந்திக்கொள்ளும் பூச்சியே மற்றவற்றைத் தூண்டிவிடுகிறது என்று இந்த ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

அப்படியானால் 1990-ஆம் ஆண்டுத் தேற்றம் பொய்யா? இல்லை. அதன் கணிதத்தில் பிழை இல்லை. அதன் நிபந்தனைகள் எந்த இனத்துக்குப் பொருந்தும் என்பதைத் தாளில் எழுதி அறிய முடியாது. இரவில் ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் போய்த்தான் அறிய வேண்டும். 2003-இல் வந்த நூல் 2023-ஆம் ஆண்டு முடிவை அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமன்று. ஆயினும் மாதிரிக்கும் பூச்சிக்கும் இடையே உள்ள தொலைவை அது இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

மாணவ நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் இந்நூலைப் படியுங்கள். ‘நிறுவப்பட்டது’ என்ற சொல் வரும்போதெல்லாம், ‘எந்த நிபந்தனையின்கீழ்?’ என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது என் வகுப்பில் மதிப்பெண் அந்தக் கேள்விக்குத்தான்.