நன்னூற் பாயிரமும் புதிய ஆசிரியரும்

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோட்கு இணங்கி நன்னூலை இயற்றினார். அந்நூலின் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரம் நூலின் வரலாறு, ஆசிரியர் வரலாறு, பாடஞ் சொல்லலின் வரலாறு, மாணாக்கர் வரலாறு, பாடங் கேட்டலின் வரலாறு என ஐந்து பகுதிகளை உடையது. எழுத்தும் சொல்லும் ஆராயப் புகுந்த இலக்கண நூல், கற்பிப்போனையும் கற்போனையும் பற்றி இத்துணை விரிவாகப் பேசுவது தமிழ்க் கல்வி மரபிற்குப் பெருமை தருவதாகும்.

இப்பகுதியை அறிஞர் சிலர் எக்காலத்திற்கும் பொருந்தும் கற்பித்தல் நூலாகப் போற்றுவர். வேறு சிலர், ஆசிரியனோடு உடனுறைந்து வழிபட்டுக் கற்ற காலத்து எச்சமாக இதனைக் கருதி ஒதுக்குவர். இவ்விரு சாராரும் நிறைவெய்திய ஆசிரியனை உளத்திற்கொண்டே பேசுகின்றனர். பட்டம் பெற்று, தகுதித் தேர்விலும் வென்று, நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு வாயிலில் முதன்முறையாக நிற்கும் ஒருவர்க்குப் பாயிரம் யாது கூறுகின்றது என்னும் வினாவை அவர்கள் எழுப்பவில்லை. நம் தமிழ்த்துறைகளில் நன்னூல் பயிலும் மாணவருட் பலர் நாளை அவ்வாயிலில் நிற்க இருப்பவர். ஆதலின் அவ்வினாவை ஈண்டு ஆராய்தல் தகும்.

நல்லாசிரியர் இலக்கணமும் தொடக்க நிலையும்

நல்லாசிரியர்க்குக் குலம், அருள், தெய்வக் கொள்கை, மேன்மை, கலை பயின்ற தெளிவு, கட்டுரை வன்மை, உலகியலறிவு முதலாயின வேண்டுமென வகுத்து, அவர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகளையும் பாயிரம் கூறுகின்றது. நிலத்தின் பொறையும், மலையின் அளக்கலாகாப் பெருமையும், நிறைகோலின் நடுநிலையும், மலரின் மென்மையும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் நெடுநாட் பயிற்சியின் பயனாகும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதினர் முதலாண்டிலேயே இவற்றையெல்லாம் உடையராதல் அரிது. இங்குப் பாயிரம் அடைய வேண்டிய எல்லையைக் காட்டுகின்றதேயன்றி, அதனை அடையும் வழியைக் காட்டவில்லை. குலம் பற்றிய கூற்றோ இன்று எவ்வாற்றானும் ஏற்கத் தக்கதன்று.

தொடக்கநிலை ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படுவது, ஆசிரியர் ஆகாதார் இன்னார் எனக் கூறும் பகுதியே என்பது நம் கருத்து. அதன்கண் வரும் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கு உவமைகளும் தீயவரின் குணக்கேடுகளாகவே பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. ஆயினும் அவற்றுட் சில, தீமை சிறிதும் இல்லாத புதியவரிடத்தும் காணப்படும் குறைகளாம்.

கழற்காய்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டு நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால், அவை இட்ட முறையில் வாரா; பிறழ்ந்து ஒருங்கே கொட்டும். தேர்வுகளுக்காகப் பல்லாண்டு நிறைத்த அறிவை முதல் வாரத்திலேயே கவிழ்த்துவிடும் இளம் ஆசிரியர்க்கு இதனினும் பொருந்திய உவமை இல்லை. ஆறாம் வகுப்பிற் பெயர்ச்சொல்லைக் கற்பிக்கப் புகுந்தவர், அரைமணி நேரத்தில் ஆகுபெயரின் வகைகளைக் கடந்து அன்மொழித்தொகையில் நிற்பார். அவர் அறியாமையால் அவ்வாறு செய்வதில்லை. அறிந்தவற்றுள் எதனை நிறுத்தி வைப்பது என்னும் அறிவு இன்னும் வாய்க்காமையே காரணம்.

பருத்திக் குண்டிகை இதற்கு மறுதலையானது. அரிதின் முயன்று அடைத்த பஞ்சு எளிதில் வெளிவருவதில்லை. நன்கு கற்றும், நாற்பது கண்கள் தம்மை நோக்கியவழிச் சொல் எழாது நிற்பவர் இவ்வகையினர். திருக்குறளின் அவையஞ்சாமை அதிகாரம் இவர்தம் துன்பத்தையே பொருளாகக் கொண்டது. கற்றும் அவையஞ்சுவோரைக் கல்லாதவரினும் கடையராக வள்ளுவர் வைப்பது கடுமையாகத் தோன்றலாம். எனினும், வினாவிற்கு அஞ்சாது விடை கூறும்பொருட்டு அளவை நூல் கற்க வேண்டுமென அவரே மருந்தும் கூறுகின்றார். அச்சத்தின் வேர் எதிர்வரும் வினாவில் உள்ளது என்பது இதனாற் பெறப்படும். பதினொரு வயதுச் சிறுவர் வினாவுக்கு எல்லை இல்லை என்பதனை வகுப்பறை கண்டோர் அறிவர்.

மடற்பனை, தானே உதிர்த்த கனியையன்றி ஏறிப் பறிப்பார்க்கு இடங்கொடாது. கருக்குமட்டையின் கூர்மை ஏறுவாரைத் தடுக்கும். சொல்வன்மை குறைந்தவிடத்து இளம் ஆசிரியர் பற்றும் துணை பெரும்பாலும் இக்கருக்கே. வகுப்பு அடங்காதோ என்னும் ஐயம், முகத்திற் கடுமையாகவும் சொல்லில் அச்சுறுத்தலாகவும் வெளிப்படுகின்றது. கேட்போர் அஞ்சும்படி பேசுதலையும் ஆசிரியராகாமைக்கு ஒரு காரணமாகப் பவணந்தியார் எண்ணியிருத்தல் குறிக்கத் தக்கது. குழந்தைகளை உடலாலும் உள்ளத்தாலும் வருத்துதலை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்துள்ளது. சட்டம் இன்று விலக்கியதை, ஆசிரியர் என்னும் பெயருக்கே மாறானதாக இலக்கண நூல் முன்னரே விலக்கிற்று.

முடத்தெங்கு, நீர் வார்த்தவர் தோட்டத்தில் நில்லாது வளைந்து அயலார்க்குக் காய் உதிர்ப்பது. தம்மை வழிபட்டார்க்குக் கொடாது பிறர்க்குக் கொடுக்கும் ஆசிரியரை இது குறிக்கும். இவ்வுவமை பவணந்தியார் கருதிய எல்லைக்கு அப்பாலும் செல்லக் கூடியது. விரைந்து விடை கூறும் நால்வரை நோக்கியே பாடம் நடத்தி, கடைசி வரிசையினர்க்கு உரிய காயை முன்வரிசையில் உதிர்ப்பதும் முடத்தெங்கின் செயலே. நூலாசிரியர் கருத்து இதுவென நாம் கூறவில்லை. உவமை இதற்கும் இடந்தருகின்றது என்பதே நாம் கூறுவது.

மாணாக்கர் பாகுபாடு

அன்னமும் பசுவும் போல்வாரைத் தலைமாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போல்வாரை இடைமாணாக்கர் என்றும், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வாரைக் கடைமாணாக்கர் என்றும் பாயிரம் பகுக்கின்றது. கற்பிக்கத் தகாதாரையும் தனியே எண்ணி விலக்குகின்றது.

இப்பகுதியிற்றான் நன்னூலுக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் இடையே பெரும் பிளவு தோன்றுகின்றது. பவணந்தியாரின் ஆசிரியர் மாணாக்கனைத் தேர்ந்து கொள்பவர். தகாதானை மறுக்கும் உரிமையுடையவர். இன்றைய ஆசிரியர்க்கு அவ்வுரிமை இல்லை; இருத்தலும் கூடாது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் கல்வி உரிமையான பின்னர், மடியனும் பிணியனும் சினத்தனும் துயில்வோனும் வகுப்பிற்கு உரியவரே. அவர் ஏன் துயில்கின்றார், ஏன் சினக்கின்றார் என ஆராய்தலும் ஆசிரியர் கடமையாயிற்று. விலக்குதற்கு எழுந்த பட்டியலை, கருத்துடன் நோக்கப்பட வேண்டியவர் பட்டியலாக இன்று நாம் திருப்பிப் படித்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. பாயிரம் இப்பாகுபாட்டை மாணாக்கரின் நிலைத்த இயல்பாகக் கொள்கின்றது. பதினொன்று முதல் பதின்மூன்று வரையுள்ள பருவத்தில் நிலைத்தது என்று ஒன்றில்லை. கணக்கில் ஓட்டைக் குடமாக இருக்கும் சிறுமி கதை கேட்கும்போது அன்னமாகின்றாள். சென்ற திங்கள் எருமைபோற் குளத்தைக் கலக்கியவன் இத்திங்கள் அசைபோடும் பசுவாகின்றான். முதலாண்டு ஆசிரியர் எளிதிற் செய்யக்கூடிய பெருந்தீங்கு, முதல் திங்களிலேயே ஒவ்வொருவர்க்கும் ஓர் உவமையைச் சூட்டிவிடுதலாகும். அவ்வுவமைகளை ஆள்களின் பெயராகக் கொள்ளாது, கொள்ளும் முறைகளின் பெயராகக் கொண்டால் அவை பயன்படும்.

அவற்றுள்ளும் மண் என்னும் உவமை ஆழ்ந்து நோக்கத் தக்கது. உழவன் முயற்சியின் அளவே மண் விளைவு தரும். ஏனைய உவமைகளிற் குறையும் நிறையும் மாணாக்கனையே சார, இவ்வொன்றில் மட்டும் பொறுப்பு உழுபவனைச் சார்கின்றது. நடுநிலைப் பள்ளிக்கு உரிய உவமை இதுவே எனலாம்.

பாடஞ் சொல்லும் முறை

இடமும் காலமும் அறிந்து, சொல்லக் கருதிய பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்து, விரையாது, வெகுளாது, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கேட்பவன் கொள்ளும் திறம் உணர்ந்து, அவன் நெஞ்சு ஏற்குமாறு கூறவேண்டுமெனப் பாயிரம் பாடஞ் சொல்லலை வகுக்கின்றது. இதன்கண் முதலாண்டு ஆசிரியர்க்கு வேண்டுவன பெரும்பாலும் அடங்கியுள்ளன.

உள்ளத்தில் அமைத்தல் என்பது இக்காலப் பாடக்குறிப்பிற்கு மூலம். கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்க்கு வாரத்திற்கு 45 மணி நேரம் வகுத்தபோது, பாடத்திற்கு ஆயத்தம் செய்யும் நேரத்தையும் அதனுள் அடக்கிற்று. ஆயத்தமும் கற்பித்தலின் பகுதியே என்பதனைச் சட்டமும் உடன்படுகின்றது. ஆயின் பாடக்குறிப்பு மேலதிகாரியின் கையொப்பத்திற்காக எழுதப்படுமாயின், அது தாளில் அமைத்தலாகுமேயன்றி உள்ளத்தில் அமைத்தலாகாது.

கேட்பவனை ஒருமையாற் கூறியிருத்தலும் கருதத் தக்கது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் ஓர் ஆசிரியர்க்கு 35 மாணவர் என்பது சட்டம் குறித்த அளவு. ஒருவன் கொள்ளும் திறம் அறிதலும் முப்பத்தைவர் கொள்ளும் திறம் அறிதலும் ஒன்றல்ல. இவ்விடத்து நன்னூல் விடை தரவில்லை. விடை தருவதுபோல் வலிந்து பொருள் கொள்ளுதல் பவணந்தியார்க்கு நாம் செய்யும் சிறப்பும் ஆகாது.

காலும் காலும் அரையும்

பாடங் கேட்டலின் வரலாற்றில், ஒரு நூலை இருமுறை கேட்டவன் பிழை நீங்குவான் என்றும், மும்முறை கேட்டவன் முறையறிந்து உரைப்பான் என்றும் பாயிரம் கூறுகின்றது. உரைக்கும் முறை மூன்றாம் கேள்வியிலேயே வாய்க்கின்றது. கழற்குடத்திற்கு மருந்து இதுவே. தாம் நன்கறிந்ததாகக் கருதும் ஆறாம் வகுப்புப் பாடத்தையும் மும்முறை பயின்று செல்லுதல் புதியவர்க்கு இழுக்காகாது.

அடுத்து வரும் கணக்கே நம் ஆய்வுக்கு உயிர். ஆசிரியர் உரைத்ததை நிரம்பக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் கால்பங்கு. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது ஒரு கால். எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் நிரம்புவது. இக்கணக்கு ஆசிரியர் இயல்பு கூறும் பகுதியில் இல்லை. மாணாக்கன் பாடங் கேட்கும் பகுதியில் வைக்கப்பட்டுள்ளது. கற்பித்தல் என்பது கற்றலின் இறுதிப் பாதி என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். ஆகவே புதிய ஆசிரியர்க்கு நன்னூலில் இடம் உண்டு. அவர் இன்னும் மாணாக்கராகவே அதன்கண் இடம் பெறுகின்றார்.

இதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை சான்றாகும். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றார். திருவாவடுதுறையில் உடன் பயின்றாரோடு பழகினார். இளையவர்க்குப் பாடமும் சொன்னார். 1880-இல் தியாகராச செட்டியார்க்குப் பின் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியார், அவர் அதுகாறும் பயிலாத சீவக சிந்தாமணியைப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார். பிறர்க்கு உரைக்கப் புகுந்தமையாலேயே அதன் அருமையும் தம் ஐயங்களும் அவர்க்குப் புலப்பட்டன. ஐயந்தீரச் சைனரை நாடினார். 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஆசிரியப் பணியின் முதலாண்டு, அவரது மாணவ வாழ்வின் பெரும் பகுதிக்குத் தொடக்கமாயிற்று.

இங்கு ஒரு தடை எழலாம். அரைப்பங்குப் புலமையோடு வகுப்பிற்குச் செல்பவர் மாணவரைக் கருவியாக்கித் தம் கல்வியை நிரப்புகின்றார் ஆகாதோ? ஆசிரியர்க்கு முதலாண்டின்பின் இரண்டாம் ஆண்டும் இருபதாம் ஆண்டும் உண்டு. ஆறாம் வகுப்புக் குழந்தைக்கோ ஆறாம் வகுப்பு ஒருமுறையே வருகின்றது. இத்தடை வலியுடையது. இதனைப் புறக்கணித்து நன்னூலைப் புகழ்தல் ஆராய்ச்சியாகாது.

இதற்கு விடை நடுவே நின்ற காற்பங்கில் உள்ளது. முதற் காலிலிருந்து நேரே அரைக்குத் தாவுமாறு பாயிரம் கூறவில்லை. உடன் பயில்வாரோடு பழகுதலை இடையே வைத்துள்ளது. இன்று புதியவர் பெரும்பாலும் அப்படியை இழந்தே வகுப்பிற்குள் தனித்து விடப்படுகின்றார். மூத்த ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து கேட்டல், தம் வகுப்பில் மூத்தாரை அமரச் செய்தல், பிழைத்த பாடத்தை நாணாது எடுத்துப் பேசுதல் என்னும் இவை இரண்டாம் காலை நிரப்பும். மூத்தார் இதனை மறுப்பின் குழந்தைக்கு நேரும் இழப்பிற் பெரும்பங்கு அவர்களைச் சாரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நல்லாசிரியர் இலக்கணம் புதியவர்க்கு எட்டாத எல்லையாகவும், ஆகாதார் இலக்கணம் உடனே பயன்படும் எச்சரிக்கையாகவும், மாணாக்கர் பாகுபாடு திருத்திக் கொள்ள வேண்டியதாகவும், பாடங் கேட்டல் மரபு முதலாண்டின் உண்மைப் பொருளை உணர்த்துவதாகவும் விளங்குதல் காணலாம். நம் தமிழ்த்துறைகள் இப்பகுதியைத் தேர்வில் ஒப்பிக்கும் உவமைப் பட்டியலாகக் கற்பிப்பதோடு அமையாது, மாணவர் ஒருவர்க்கொருவர் உரைத்துப் பயிலும் பகுதியாக்குதல் வேண்டும். கால்பங்கோடு பட்டம் அளித்து அனுப்புவோமாயின், எஞ்சிய முக்காற் பங்கின் விலையை எங்கோ ஓர் ஆறாம் வகுப்பின் கடைசி வரிசைச் சிறுவன் செலுத்த நேரும்.