கெம்பீரம்: ஒரு சொல்லாய்வு

பாகூர்க் கொம்யூனின் சிற்றூர்ச் சபையொன்றில், அறுப்பின் பண்டிகையன்று 126ஆம் சங்கீதத்தை விளக்கினேன். ஆராதனை முடிந்தபின், ஏரிப்பாசன வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், "அறுக்கிறவளுக்கு ஏதய்யா கெம்பீரம்? குனிந்த இடுப்பு நிமிர்வதில்லையே!" என்றார். சிரித்துத் தள்ளத்தக்க வினாவன்று அது.

கெம்பீரம் என்பது வடமொழிக் 'கம்பீர'த்தின் தமிழ் வடிவம். கந்தகம் கெந்தகமாகவும், கருடன் கெருடனாகவும் வழங்குவது போன்றதே இத்திரிபு, பிழையன்று. மூலச்சொல்லின் முதற்பொருள் ஆழம். ஆழ்ந்த நீரையும், ஆழ்ந்து முழங்கும் குரலையும் அது குறித்தது. மிடுக்கு என்னும் பொருளே இன்று சபையாரின் செவியில் முந்துகிறது. மூதாட்டியின் வினாவும் அதிலிருந்தே பிறந்தது.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ரின்னா'. அது மனநிலையைவிடக் குரலையே குறிப்பது. வாய்விட்டு எழும் ஓசை. சங்கீதத்தின் 2, 5, 6 ஆகிய மூன்று வசனங்களிலும் அதுவே வருகிறது. நம் பழைய திருப்புதலோ இரண்டாம் வசனத்தில் 'ஆனந்தசத்தம்' என்றும், மற்ற இரண்டில் 'கெம்பீரம்' என்றும் பிரித்துவிட்டது. சிறையிருப்பிலிருந்து திரும்பினோரின் நாவில் எழுந்த ஓசையே வயலிலும் எழுகிறது என்னும் தொடர்பு இதனால் மறைந்துபோயிற்று. இதைக் குறை என்றே சொல்லவேண்டும்.

இன்னொன்று. 17, 61ஆம் சங்கீதங்களின் முதல் வசனங்களில் இதே 'ரின்னா' துயருற்றவனின் விண்ணப்பக் குரலாக நிற்கிறது. 61இல் நம் திருப்புதல் அதைக் 'கூப்பிடுதல்' என்கிறது. ஆகவே அழுகைக்கும் ஆர்ப்பரிப்புக்கும் எபிரேயன் வேறுவேறு தொண்டையைத் தேடவில்லை. கண்ணீரோடு விதைத்தவனின் குரல்தான் அறுப்பிலும் ஒலிக்கிறது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விடத்தில் 'அக்களிப்பு' என்னும் இனிய தமிழ்ச்சொல்லை ஆள்கிறது. அகமும் களிப்பும் கூடியது அது. மிடுக்கு நீங்கியது நன்றே. ஆயினும் குரல் அகத்துக்குள் அடங்கிவிட்டதே! (களி என்பதற்குக் குறளில் கள்ளுண்டு மயங்குதல் என்றும் பொருளுண்டு, அதை இங்கே பெரிதுபடுத்த வேண்டியதில்லை.) என்னளவில், 'கெம்பீர சத்தம்' என்று ஓசையைச் சேர்த்து மூன்று வசனங்களிலும் ஒன்றாக ஆள்வதே மூலத்துக்கு நெருங்கியது.

மூதாட்டியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அது சத்தம், அம்மா" என்றேன். "களத்தில் நெல்லைத் தூற்றும்போது 'பொலியோ பொலி' என்போமே, அதுவா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "இப்போது இயந்திரம்தான் அறுக்கிறது, பொலி சொல்ல ஆளில்லை" என்று கூறிப் போனார்.