பதினைந்து நிமிடக் குரல்

சியே ஹயகாவாவின் ‘பிளான் 75’ படத்தில் யாரும் யாரையும் அதட்டுவதில்லை. 75 வயது நிறைந்தவர் விரும்பினால் சாகலாம், செலவு அரசாங்கத்துடையது என்று சட்டம் வந்துவிட்ட ஒரு ஜப்பான் அது. மருத்துவர் சான்று வேண்டாம், பிள்ளைகளின் சம்மதம் வேண்டாம். கைச்செலவுக்கு 100,000 யென் வேறு கிடைக்கும். மனு வாங்கும் இளைஞன் ஹிரோமு எவ்வளவு இதமாகப் பேசுகிறான் என்று கவனியுங்கள். கள்ளமில்லாத முகம், பொறுமையான விளக்கம், பெரியவர்களுக்கு உரிய பணிவு. தாத்தா பாட்டிகளுக்கு உதவுகிறோம் என்றே அவன் நம்புகிறான். 2016இல் சகாமிஹாராவின் ஊனமுற்றோர் இல்லத்தில் ஒருவன் 19 பேரைக் குத்திக் கொன்றதில் கலங்கித்தான் ஹயகாவா இந்தக் கதைக்கு வந்தார். ஆனால் அந்தக் கத்தியை முன்வாசலிலேயே விட்டுவிட்டு, படம் முழுவதையும் ஒரு சேவை முகப்பின் மென்மையில் நடத்திப் போகிறாரே, அந்த அடக்கம்தான் என்னை மயக்குகிறது.

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைப் பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்து உட்கார்ந்தார். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக் காய்த்த கை அவருக்கு. வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். “ஏம்பா, இந்தம்மாவுக்குப் புள்ளைங்க இல்லியா?” என்பதுதான் முதல் கேள்வி. “இல்ல பாட்டி.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “உக்கார விடமாட்டேங்குது பாரு, அந்த ஒடம்பு” என்றார்.

எத்தனை விமர்சனம் படித்தாலும் கிடைக்காத வரி அது. பாட்டி கேட்ட அந்தம்மா, படத்தின் நாயகி, 78 வயது மிச்சி, விடுதி அறைகளைத் துப்புரவு செய்பவர். உடன் வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் வேலையிடத்திலேயே சாய்ந்துவிட, வயதானவர்களை எல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டு அலைகிறார். இரவில் சாலையோரம் நின்று வண்டிகளுக்கு வழிகாட்டும் வேலைக்கும் போகிறார். இந்தத் தேடலில் ஒரு துளி தன்னிரக்கம் இல்லை. வேலைக்குப் பழகிய உடல் வேலையைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் பிள்ளைக் கொட்டகை நினைவுக்கு வரும். பால்மரம் வெட்டும் தெம்பு போன கிழவிகளை அங்கே ஆயாவாக வைப்பார்கள். விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடும் தாய்மார் பிள்ளையை ஏணைத்துணியோடு கொண்டுவந்து விட்டுப்போவார்கள். துரைமார் கருணையால் நடந்ததன்று, தாய்மார் வேலைக்கு வரவேண்டுமே! ஆனாலும் அந்தக் கிழவியின் மடிக்கு ஒரு கணக்கு இருந்தது. தோட்டங்கள் போய்த் தாமான் குடியிருப்புகள் வந்தபோது வீட்டுக்கு வீடு கதவு கிடைத்தது. அந்த மடிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மிச்சியின் குரலுக்கு வருவோம். மிச்சியாக வரும், 1941இல் பிறந்த சியெகோ பைஷோ நடிகை மட்டுமல்ல, பாடகியும்கூட. 1969இல் தொடங்கிய ‘தோரா-சான்’ படவரிசையில் தங்கை சகுராவாக வந்து ஜப்பானியக் குடும்பங்கள் அத்தனைக்கும் சொந்தக்காரியானவர். மியாசாக்கியின் ‘ஹவ்ல்ஸ் மூவிங் காசில்’ படத்தில் சூனியத்தால் கிழவியாகிவிடும் சோஃபிக்கு, இளமைக்கும் முதுமைக்கும் சேர்த்து அவரேதான் குரல். அந்தத் தேன் கலந்த குரலை ஹயகாவா தொலைபேசியில் வைத்தார் பாருங்கள், என்ன அருமையான முடிவு! சாகப் பதிந்துகொண்டவர்களோடு பேச ஆள் ஏற்பாடு உண்டு. ஒரு அழைப்புக்கு 15 நிமிடம். மறுமுனையில் யோகோ, பேத்தி வயதுப் பெண். அவளைப் போய் ‘சென்செய்’, ஆசிரியை என்று அழைக்கிறார் மிச்சி. பழைய கதையைச் சொல்லும்போது அந்தக் குரல் வெட்கப்படுகிறது, சிரிக்கிறது, நேரம் முடியும்போது ஒரு கணம் தயங்கிப் பின்னால் போய்விடுகிறது. விதியை மீறி இருவரும் ஒருநாள் சந்தித்து பௌலிங் விளையாடப் போகிறார்கள். பந்து உருளும்போது மிச்சியின் முகத்தைப் பாருங்கள். இருபது வயது கழன்று விழுகிறது.

இன்னொரு நகை, ஹிரோமுவின் சித்தப்பா யுகியோ. கட்டுமான வேலையாக ஊர் ஊராகப் போனவர், போன ஊரிலெல்லாம் ரத்தம் கொடுத்தவர். அந்த ரத்ததானக் கையேடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். பாராட்டுப் பத்திரமோ பதக்கமோ காட்டப்படவில்லை, அந்தச் சிறு கையேடுகள் மட்டும்தான். எங்கள் பக்கத்து அலமாரிகளிலும் தோட்டத் தொழிலாளர் சங்க அட்டைகள் இப்படித்தான் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகக் கிடக்கின்றன. எதற்கென்று கேட்டால் “இருக்கட்டுமே” என்பார்கள்.

யோகோ நம்மைத் திரும்பிப் பார்க்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது: தனிமையில் இருப்பவர்கள் கடைசியில் மனம் மாறுவார்கள், மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யோகோவாகச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருக்கும் யூமி கவாய் மெல்லத் தலையைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். ஒரு வசனம் கிடையாது. அந்தப் பார்வையை அவ்வளவு நேரம் நீடிக்கவிட்ட இயக்குநரின் துணிச்சலுக்குக் கும்பிடு போடலாம்.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’. 66ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாகி, 2020இல் திரைக்கு வந்தது. இடுப்பெலும்பு முறிந்த காவலாளி கருப்பசாமியாக நாடகக் கலைஞர் ஆர். ராஜு. அங்கே சட்டமும் இல்லை, படிவமும் இல்லை. முதியவரை வீட்டாரே சாகடிக்கும் தலைக்கூத்தலுக்கு வீட்டிலுள்ள எண்ணெயும் இளநீரும் போதும் என்பதால் அது இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கிறது. அதே கொடுமையிலிருந்து சிரிக்கச் சிரிக்கத் தப்பியோடுகிறது மதுமிதாவின் ‘கேடி என்கிற கருப்புதுரை’ (2019). வீட்டார் தன் சாவைப் பேசி முடிப்பதைக் காதால் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடும் கிழவராக மு. ராமசாமி. கூட ஒரு வாயாடிச் சிறுவன், ஆசைப் பட்டியல், பிரியாணி. பாட்டிக்கு இரண்டு கதையையும் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ‘பாரம்’ வேண்டாமாம், பிரியாணித் தாத்தாவைத்தான் போட வேண்டுமாம்.