மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதா?

அப்பா இறந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. வீட்டுப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போடச் சொன்னான் தம்பி. படித்துப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். மூன்றாவது முறை சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. அவன் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் கணவரிடம் திரும்பி, "அத்தான், அக்கா மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதா?" என்று கேட்டான். பத்திரத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

பதினோரு ஆண்டுகளாக இருமுனைக் கோளாறுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறேன். அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது, இனியும் எடுப்பேன். ஆனால், நோய்க்குப் பெயர் வைத்த நாளிலிருந்து என் உணர்ச்சிகளுக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. அப்பாவை நினைத்து அழுதால் "திரும்ப ஆரம்பிச்சுட்டு" என்கிறார்கள். ஒரே நாளில் மூன்று புடவை எடுத்தால் விலையைக் கேட்பதில்லை, ராத்திரி தூங்கினாயா என்கிறார்கள். பேசாமல் இருந்தால் அதுவும் அறிகுறி. மற்றவர்களைக் கோபப்படுத்த யாராவது ஏதாவது செய்திருக்க வேண்டும். என் கோபத்துக்கு மாத்திரையின் அளவு குறைந்திருந்தால் போதும்.

வகுப்பில் வெறியாட்டுப் பாடல்களை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். காதலனைக் காணாமல் மெலிந்த மகளை முருகு அணங்கியதாக வீடு நம்புகிறது, வேலனை வரவழைக்கிறது. அகநானூற்றின் 22ஆம் பாட்டில் வெறிபாடிய காமக்கண்ணியார் இந்தச் சடங்கு முழுவதையும் காட்டுகிறார். அன்றிரவு காதலன் வர, நோய் தீர்கிறது. வேலன் பட்ட வீண்பாட்டை நினைத்துத் தலைவி சிரிக்கிறாள். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. ஏன் மெலிந்தாய் என்று அவளைக் கேட்டவர்தான் அந்தப் பாட்டில் இல்லை.

அந்த வீட்டை நான் அதிகம் குறைசொல்ல மாட்டேன். தலைவி வாய் திறக்கவில்லை. அவர்களுக்குத் தெரிய வழியில்லை. நான் வாய் திறந்தேன். மூன்று முறை காரணம் சொன்னேன். சொன்னதே அறிகுறியாகிவிட்டது.

அகமரபில் தோழி காரணத்தைத் தாய்வீட்டுக்கு வெளிப்படுத்துவதை 'அறத்தொடு நிற்றல்' என்கிறோம். பெண்ணின் துயரத்துக்கு உண்மைக் காரணம் உண்டு என்று சொல்வதை நம் இலக்கணம் அறம் என்கிறது. இன்றைய சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு இப்போது மனநோய் இருப்பதாக முடிவுசெய்ய முடியாது. மருத்துவரே செய்யக் கூடாத அந்த முடிவை வீட்டுக் கூடத்தில் ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறோம்.

நோய் கோபமாகவும் வரும் என்பது எனக்குத் தெரியும், வந்திருக்கிறது. அப்போது மாத்திரையைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். என்னிடம் கேட்க வேண்டும். அதற்கு முன் "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். நான் நோயுற்றிருக்கும் நாளிலும் ஒரு பத்திரம் தவறாக இருக்கலாம் அல்லவா?

இரண்டு நாள் கழித்து அதை வாங்கிப் படித்தேன். விடுதலைப் பத்திரம். அப்பாவின் வீட்டில் எனக்குள்ள பங்கை நானே மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. நல்ல மனநிலையில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதிக்கொடுப்பதாகவும் இருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை.