தோட்டத்து வெண்மை: கோலமும் பால்வெட்டும்

முன்னுரை

இலக்கியம் பயிற்றுவிக்கும் வகுப்பறைகளில் வண்ணங்களுக்குப் பொருள் சொல்லும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. சிவப்பு புரட்சி, பச்சை வளம், கறுப்பு துயரம், வெள்ளை தூய்மை என்னும் பட்டியலை மாணவர் மனனம் செய்து விடைத்தாளில் எழுதுகின்றனர். நாமும் மதிப்பெண் வழங்குகிறோம். இப்பட்டியலின் இறுதி உருப்படியை மட்டும் இக்கட்டுரை மறுஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. தமிழ்க் கலை மரபில் வெண்மை எப்பொருளில் வழங்கிற்று, இரப்பர்த் தோட்டத்தில் அப்பொருள் எவ்வாறு மாறிற்று, அம்மாற்றத்தை நம் படைப்புகளும் திறனாய்வும் எந்த அளவுக்கு உள்வாங்கின என்பன இங்கு எழுப்பப்படும் வினாக்களாகும். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெலெபு மாவட்டத் தலைநகரான கோலா கிளாவாங்கையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறத்தையும் இவ்வாய்வின் களமாகக் கொள்கிறோம்.

மரபில் வெண்மை

வெண்மைக்கு ஒரே பொருள் கற்பிப்பதற்குத் தமிழ் மரபு இடந்தரவில்லை. புறநானூற்றின் 56ஆம் பாடல் பலதேவனின் மேனியைச் சங்கின் நிறத்தோடு ஒப்பிடுகிறது. அங்கே வெண்மை தெய்வத்தின் நிறம். மன்னனின் வெண்கொற்றக்குடையில் அது ஆட்சியின் அடையாளம். திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரத்திலோ வெண்மை என்னும் சொல் அறிவின்மையைச் சுட்டுகிறது. கைம்பெண்ணின் சேலையில் அது இழப்பைக் குறித்தது. கலைமகளின் ஆடையில் கல்வியைக் குறிக்கிறது. திருநீற்றில் எல்லாம் எரிந்தபின் எஞ்சுவதைக் காட்டுகிறது.

வடமொழி நாட்டிய சாத்திரம் சுவைகளுக்கு நிறம் வகுத்தபோது வெண்மையை நகைச்சுவைக்கு அளித்தது. சிரிப்பும் புகழும் வெண்ணிறம் கொண்டவை என்பது புலவர் மரபாயிற்று. 1872இல் வள்ளலார் வடலூரில் நிறுவிய சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் உள்ளன. அவற்றுள் வெண்திரை ஆறாவது, அதற்கப்பால் கலப்புத்திரை, அதற்கும் அப்பால்தான் சோதி. வாழ்நாளெல்லாம் வெள்ளாடை உடுத்திய அவர் அமைத்த சபையிலும் வெண்மை விலக்கப்பட வேண்டிய ஒரு திரையாகவே நிற்பது எண்ணத்தக்கது.

இவ்வாறாயின், வெண்மை தூய்மையே என்னும் உறுதிப்பாடு எங்கிருந்து வலுப்பெற்றது? மேலைக் கலைக்கல்வியின் செல்வாக்கையும் இங்கே கருத வேண்டும். 1764இல் பண்டைக் கலையின் வரலாற்றை எழுதிய செருமானிய அறிஞர் விங்கெல்மன், கிரேக்கச் சிலைகளின் வெண்பளிங்கை அழகின் உச்சமாகப் போற்றினார். அச்சிலைகளுள் பல முதலில் வண்ணம் தீட்டப்பட்டிருந்தன என்பதும், மண்ணிலும் மழையிலும் காலப்போக்கில் அவ்வண்ணம் உதிர்ந்தது என்பதும் பின்னர்த் தெளிவாயின. வண்ணத்தின் இழப்பே தூய்மை எனப் போற்றப்பட்டது. ஆகவே ஒரு கலையின் வெண்மைக்குப் பொருள் கூறுமுன், அது எதனால் ஆனது, எதன்மேல் படிந்துள்ளது, யார் கையால் வந்தது என்பவற்றைக் கேட்பதே முறையாகும். இவ்வினாக்களோடு நம் தோட்டத்துக்குச் செல்வோம்.

கோலா கிளாவாங்கில் இரு வெண்மைகள்

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்காவின் மலைவளைவுகளைக் கடந்தால் கோலா கிளாவாங்கை அடையலாம். பெர்பாத்தே மரபு வேரூன்றிய நிலம் இது. நெகிரி செம்பிலானின் நான்கு பெரும் உண்டாங்குகளுள் ஒருவர் ஜெலெபுவின் தலைவர். மாநிலக் கொடியில் மஞ்சள் அரசரையும், கறுப்பு உண்டாங்குகளையும், சிவப்பு மக்களையும் குறிக்கின்றன. அக்கொடியில் வெண்மைக்கு இடமில்லை.

எனினும் இந்நிலத்துத் தமிழர் வாழ்வை இரண்டு வெண்மைகள் ஆண்டன. ஒன்று ஆட்சியின் வெண்மை. நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்து 1897இல் மறைந்த மார்ட்டின் லிஸ்டரின் நினைவுச் சின்னம் இன்றும் இவ்வூரில் நிற்கிறது. அதிகாரத்தைத் தோலின் நிறத்தால் அறிந்த மக்கள் அதனை வெள்ளைக்காரன் என்னும் ஒரே சொல்லில் அடக்கினர். மற்றொன்று மரத்திலிருந்து வடிந்த வெண்மை. முன்னது ஏவிற்று, பின்னது விளைந்தது. இரண்டுக்கும் இடையில் நின்றவர் பால்வெட்டுத் தொழிலாளர்.

பால் என்னும் பெயர்

இரப்பர் மரத்தின் வடிநீருக்குத் தோட்டத் தமிழர் இட்ட பெயர் பால். மரம் பால்மரம்; உறைந்தது கட்டிப்பால்; வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியது ஒட்டுப்பால். இப்பெயரீட்டைத் தோட்டப்புறத்தின் முதல் உருவகம் எனலாம். ஏட்டுக் கவிஞர் எழுதுமுன்னரே, தம்மைக் கப்பலேற்றி அனுப்பிய ஒரு வணிகப் பயிரைத் தாயாகவும் பசுவாகவும் ஆக்கிக்கொண்ட கற்பனை இது.

இவ்வுருவகத்தின் பொருத்தம் அறிவியலாலும் உறுதிப்படுகிறது. ஆவின் பாலில் கொழுப்புத் துகள்களும் புரதத் துகள்களும் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் அது வெண்மையாகத் தோன்றுகிறது. இரப்பர்ப் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு இரப்பர்த் துகள்கள். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அதுவும் அவ்வாறே ஒளியைச் சிதறடிக்கிறது. இரண்டிலும் வெண்மை ஒரு சாயமன்று. மிதக்கும் துகள்களின் விளைவு.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இரப்பர்ப் பால் காற்றுப் பட்டால் பழுப்பேறிக் கருக்கிறது. பால்வெட்டுவோர் ஆடையில் தெறித்த துளி, துவைத்தாலும் போகாத கருங்கறையாகிறது. அமிலமிட்டு உறையவைத்துத் தகடாக்கிப் புகையூட்டியபின் அது தேன்நிறமாகிக் கப்பலேறுகிறது. வெண்மை தோட்டத்தை விட்டு வெளியேறுவதில்லை. காலையில் சில மணிநேரம் மங்கிலும் வாளியிலும் இருந்துவிட்டு, தொழிலாளரின் உடையில் கறையாக எஞ்சுகிறது. தூய்மையின் சின்னம் எனக் கற்பிக்கப்படும் நிறம் இங்கே கறைப்படுத்தும் நிறமாகிறது. கைம்மைக்குரிய வெள்ளைச் சேலையும் பால்வெட்டுக்கு ஆகாத உடையாதலின், அம்மரபும் தோட்டத்து வேலையின் முன் தளர வேண்டியதாயிற்று.

இரு கோடுகள்

தமிழ்ப் பெண்டிரின் அன்றாட வெண்கலை கோலம். விடியுமுன் வாசல் தெளித்து, ஈரத்தால் கருத்த நிலத்தின்மேல், விரலிடுக்கில் வழியும் மாவால் இழுக்கும் கோடு அது. தோட்டத்து லயங்களின் முன்னும் இக்கலை தொடர்ந்தது. கோலமிட்ட பெண்ணே பின்னர்ப் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கோடு நிரைக்குச் செல்கிறாள். அங்கும் அவள் இருளில் ஒரு கோடு இழுக்கிறாள். இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழ்நோக்கிச் சுமார் 30 பாகைச் சரிவில் உளி செல்கிறது. கருத்த பட்டையில் வெண்கோடு பிறக்கிறது.

இவ்விரு கோடுகளையும் ஒப்பிடுவது வெறும் தோற்ற ஒப்புமையன்று. இரண்டுக்கும் அளவறிந்த கை வேண்டும். கோலத்தில் மாவு கூடினால் இழை தடிக்கும், குறைந்தால் அறும். பால்வெட்டில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிரடுக்கை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை நெருங்க வேண்டும், ஆனால் தொடலாகாது. நெருங்காவிடில் பால் குறையும். தொட்டுவிட்டால் மரம் புண்படும். இரண்டும் அன்றே அழிந்து, மீண்டும் செய்யப்பட வேண்டியவை. மழை இரண்டையும் கரைக்கும். தீபகற்பத்தில் மழை குறைந்த பகுதிகளுள் ஜெலெபுவும் ஒன்று. ஆயினும் பெய்த நாளில் பால் மங்கில் சேராது பட்டையெங்கும் பரவி வழியும். அந்த வெண்மை இழந்த கூலியின் நிறம்.

1918இல் உருசிய ஓவியர் மலேவிச் வெண்பரப்பின்மேல் ஒரு வெண்சதுரத்தைத் தீட்டி, நிறத்தைப் பொருளுலகிலிருந்து விடுவிக்க முயன்றார். கோலத்தின் வெண்மையும் பால்கோட்டின் வெண்மையும் அதற்கு நேரெதிரானவை. அவற்றுக்குக் கருநிலம் வேண்டும், கை வேண்டும், நேரம் வேண்டும். நாம் நிறுவ விரும்பும் கருத்து இதுவே: தோட்டப்புறக் கலையில் வெண்மை ஒரு பண்பின் குறியீடு அன்று, நாள்தோறும் செய்யப்படும் செயலின் சுவடு.

படைப்புகளில் வெண்மை

இச்செயல்நிலையை நம் இலக்கியம் எவ்வளவு கண்டது? தலைப்புகளிலிருந்தே தொடங்கலாம். எம். குமாரனின் 'செம்மண்ணும் நீலமலர்களும்' மண்ணின் நிறத்தையும் மலரின் நிறத்தையும் பெயரிலேயே தாங்குகிறது. மலேசியத் தோட்டத்தைக் களமாக்கிய அகிலனின் நாவலோ 'பால்மரக் காட்டினிலே' எனப் பெயர் பெற்றது. தோட்டத்தில் பிறந்த உருவகத்தைத் தலைப்பாக்கியவர் தமிழகத்திலிருந்து வந்த எழுத்தாளர் என்பது கருதத்தக்கது. வெளியிலிருந்து வருபவருக்குப் பால்மரம் என்னும் சொல் புதுமை. உள்ளே வாழ்ந்தவருக்கு அது உருவகம் என்பதே மறந்துபோன அன்றாடச் சொல்.

முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' போன்ற தொகுப்புகள் வழியாக நம் கவிதை மரபை ஒருசேரப் பயில முடிகிறது. தோட்டப் பாட்டாளியைப் பாடும் நம் கவிதைகளில் பெருவழக்காக உள்ள படிமம், உழைப்பவன் உதிரமே பாலாக வடிகிறது என்பது. காய்ச்சலும் குறைகூலியும் உயிர்குடித்த காலத்தில் அப்படிமம் தேவையாக இருந்தது. அதன் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அது வாய்பாடாகிவிட்டபோது இரு இழப்புகள் நேர்ந்தன. வெண்மை சிவப்பின் போர்வையாகச் சுருங்கியது. பால்வெட்டுவோர் குருதி சிந்தும் உடலாக மட்டும் காணப்பட்டு, அவர்தம் கைத்திறன் கவிதையிலிருந்து மறைந்தது. இரங்கத்தக்கவராக நாம் அவரைப் போற்றினோம், கலைஞராக மதிக்கவில்லை. தூய்மை என்னும் பாடநூல் பொருளும் உதிரம் என்னும் எதிர்ப்புப் பொருளும் தம்முள் மாறுபட்டவை; ஆயினும் கோட்டைப் போட்ட கையைக் காணாமையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முடிவுரை

1980களின் இறுதி வரை மலேசியா உலகின் இயற்கை இரப்பர் உற்பத்தியில் முதலிடம் வகித்தது. அதன்பின் நிலைமை மாறியது. நெகிரி செம்பிலான் உட்பட நாடெங்கும் பல தோட்டங்களில் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அதன் குலை செம்மஞ்சள், அதற்குப் பாலில்லை. கோலா கிளாவாங் போன்ற ஊர்களிலும் இன்றைய மாணவருட் பலர் பால்மரம் என்னும் சொல்லைப் பாடநூலிலேயே முதன்முதலாகச் சந்திக்கின்றனர். மங்கு, ஒட்டுப்பால், நிரை, பிரட்டு என்பன அகராதிச் சொற்களாகி வருகின்றன. இந்நிலையில் வெள்ளை தூய்மையைக் குறிக்கும் என்று மட்டும் கற்பிப்போமாயின், நம் முன்னோர் தம் தொழிலால் படைத்த ஒரு பொருளை நாமே அழித்தவராவோம்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது எளியது. தோட்டத்து வெண்மை வரும் பாடல் பகுதியையோ கதைப் பகுதியையோ பயிற்றும்போது, அங்கே வெண்மை எதன்மேல் உள்ளது, யார் கை அதைச் செய்தது, பின்னர் அது என்னவாயிற்று என்னும் மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம். உளி பிடித்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் மாணவரை அனுப்பி, சொற்களையும் கைமுறையையும் பதிவுசெய்யச் சொல்லலாம். அப்பதிவுகளே நாளைய திறனாய்வுக்குச் சான்றாகும். வாசலில் இட்ட கோலத்தை மறுநாள் புதிதாய் இட இன்றும் நமக்குக் கைகள் உள்ளன. பட்டையில் இட்ட கோட்டை அறிந்த கைகளோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.