நிறைவுப் பதிவும் கைத்திறனும்: நிறுவன இணையவழிப் பயிற்சி பற்றி ஒரு மதிப்பீடு

நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்கு இணையவழியில் அளிக்கும் பயிற்சி, கடந்த கால்நூற்றாண்டில் தனியொரு சந்தையாக வளர்ந்திருக்கிறது. அதன் நடுவில் இருப்பது கற்றல் மேலாண்மை அமைப்பு; அதாவது, எந்தப் பணியாளருக்கு எந்தப் பாடம் ஒதுக்கப்பட்டது, அவர் அதை எப்போது திறந்தார், முடித்தாரா, எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதைக் கணக்கு வைக்கும் மென்பொருள். இந்தச் சந்தையை ஆராய்பவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூர் மென்பொருள் நிறுவனங்களையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அங்கே பணியாளரின் வேலையும் திரையில்தான், பாடமும் திரையில்தான் என்பதால், கருவியின் குறைகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலை போன்ற, வேலை கையிலும் மூக்கிலும் நடக்கும் இடத்தில் அதே கருவியை வைத்துப் பார்க்கும்போதுதான் அது எதை அளக்கிறது, எதை அளக்கத் தவறுகிறது என்பது தெளிவாகிறது.

நீலகிரியில் சிறு விவசாயிகள் பறிக்கும் பச்சைத் தேயிலை, தனியார் கொள்முதல் தொழிற்சாலைகளுக்கும், 1965-இல் தொடங்கப்பட்ட இண்ட்கோசர்வ் என்னும் இணையத்தின்கீழ் இயங்கும் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கும் செல்கிறது. கட்டபெட்டு, கைகாட்டி ஆலைகள் இக்கூட்டுறவு வகையைச் சேர்ந்தவை. இத்தொழிற்சாலைகளின் வாசலுக்கு இன்று வந்து நிற்கும் பயிற்சிகள் பெரும்பாலும் உள்ளிருந்து எழுந்த தேவையால் வந்தவை அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 முதல் நடத்திவரும் ஃபாஸ்டாக் திட்டம், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்கிறது. 2013-இல் தொடங்கிய டிரஸ்டீ என்னும் இந்தியத் தேயிலை நெறிமுறை, பூச்சிக்கொல்லிப் பயன்பாடு முதல் தொழிலாளர் பாதுகாப்பு வரை பல பொருள்களில் தொழிற்சாலையையும் அதற்கு இலை தரும் விவசாயியையும் சோதிக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் குறித்த கால இடைவெளியில் நடத்துவதை வேலை அளிப்பவரின் கடமையாக்குகிறது. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: பயிற்சி நடந்தது என்பதற்கு வெளியாள் ஒருவர் சான்று கேட்பார்.

இத்தகைய தேவைக்கு இணையவழிப் பயிற்சி தரும் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. மலைப்பாதையில் ஒரு பயிற்றுநரை வரவழைத்து, அரைநாள் இயந்திரத்தை நிறுத்தி, ஒரே கூடத்தில் எல்லாரையும் உட்கார வைப்பது சிறிய தொழிற்சாலைக்குப் பெரும் செலவு. இலை வரத்து மிகுந்த மாதங்களில் அது நடக்கவே நடக்காது. மேலும், நேரடி வகுப்பின் தரம் பயிற்றுநருக்குப் பயிற்றுநர் மாறும். நன்றாக எடுக்கப்பட்ட காணொலியோ எல்லாருக்கும் ஒரே செய்தியைச் சொல்லும், மறந்தவர் மீண்டும் பார்க்கவும் இடம் தரும். இயந்திரத்தில் கை சிக்காமல் காப்பது, மருந்து தெளித்தபின் இலை பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள்கள் போன்ற, ஐயத்துக்கு இடமில்லாத விதிகளைக் கற்பிப்பதில் திரை சிறப்பாகவே செயல்படுகிறது.

குறை தொடங்கும் இடம் பாடம் அன்று, பதிவு. இதை விளங்கிக்கொள்ள ஸ்கார்ம் என்னும் தொழில்நுட்ப விதித்தொகுப்பைச் சற்று விரிவாகக் காண வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997-இல் தொடங்கிய ஏடிஎல் திட்டத்தில் பிறந்த இது, ஒரு நிறுவனம் உருவாக்கிய பாடத்தை வேறொரு நிறுவனத்தின் மேலாண்மை அமைப்பிலும் ஓட்ட வழிசெய்தது. 2001-இல் வெளிவந்த அதன் 1.2 பதிப்பு இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஒரு பாடத்தில் மாணவரின் நிலையைக் குறிக்க அப்பதிப்பு ஆறே சொற்களை அனுமதிக்கிறது: தேர்ச்சி, நிறைவு, தோல்வி, நிறைவின்மை, மேலோட்டப் பார்வை, தொடங்காமை. பாதியில் விட்ட பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ள அது ஒதுக்கும் இடம் 4,096 எழுத்துகள். பாடங்களை இடம்பெயர்த்தல் என்னும் தன் நோக்கத்தில் இவ்விதித்தொகுப்பு முழு வெற்றி பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் எது எளிதாகப் பதிவாகிறதோ அதுவே காலப்போக்கில் இலக்காகிவிடும் என்பதால், ‘நிறைவு’ என்ற சொல்லைத் திரையில் வரவழைப்பதே பயிற்சி என்றாகிவிட்டது. அச்சொல்லை வரவழைத்த விரல் யாருடையது என்பதும் அமைப்புக்குத் தெரியாது. அலுவலகத்தில் ஒரே கணினி உள்ள தொழிற்சாலையில் கணக்கர் ஒருவரே எல்லார் பெயரிலும் பாடங்களை முடித்துவைத்தாலும் அறிக்கை குறையின்றியே காட்சியளிக்கும்.

2013-இல் வெளியான எக்ஸ்ஏபிஐ என்னும் புதிய விதித்தொகுப்பு இதைத் திருத்த முயன்றது. ‘இன்னார் இதைச் செய்தார்’ என்ற வடிவில் எந்தச் செயலையும், திரைக்கு வெளியே நடந்ததையும், இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் நடந்ததையும்கூட அது பதிவு செய்ய இடம் தருகிறது. மூடுபனியிலும் மின்தடையிலும் இணைப்பு அறுந்துபோகும் மலையூர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. எனினும் பழைய பாடங்களின் குவியலும், ‘நிறைவு’ப் பட்டியலோடு மனநிறைவு கொள்ளும் தணிக்கையும் நிறுவனங்களைப் பழைய வழியிலேயே நிறுத்திவைத்திருக்கின்றன.

இதற்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறைகூறுவது போதாது. இச்சந்தையில் பொருளை வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். மனிதவளத் துறையோ இணக்கப் பொறுப்பாளரோ வாங்குகின்றனர். அவர்களுக்கு வேண்டியது அறிக்கை. ஆகவே விற்பவரும் அறிக்கையையே மெருகேற்றுகிறார். லிங்க்ட்இன் 2015-இல் லிண்டா என்னும் இணையப் பாட நிறுவனத்தை 150 கோடி டாலருக்கு வாங்கியதும், கற்றல் மென்பொருள் விற்கும் கார்னர்ஸ்டோன் 2020-இல் அதே துறையின் சாபா நிறுவனத்தை விழுங்கியதும், பாடக் கிடங்கும் பயனர் எண்ணிக்கையும் பெருகப் பெருக மதிப்பு உயரும் என்ற கணக்கின் விளைவுகளே. தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் முறை, பருவத்துக்குப் பருவம் ஆள் எண்ணிக்கை மாறும் தேயிலைத் தொழிலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதன்று.

அண்மைய போக்குகளில், சில நிமிடங்களில் முடியும் குறும்பாடம் என்பது அதிகம் புகழப்படுகிறது. மனிதர் கற்றதை எவ்வளவு விரைவாக மறக்கின்றனர் என்று எபிங்காஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். அந்த ஆய்வு மரபு உண்மையில் வலியுறுத்துவது இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர்வதை. சந்தை எடுத்துக்கொண்டதோ நீளத்தைக் குறைப்பதை மட்டும். ஐந்து நிமிடக் காணொலியை ஒருமுறை பார்த்து மறப்பதற்கும் ஐம்பது நிமிடப் பாடத்தை ஒருமுறை கேட்டு மறப்பதற்கும் இடையே மிஞ்சும் ஆதாயம் நாற்பத்தைந்து நிமிட நேரம்தான்.

2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், பாட எழுத்தையும் குரலையும் திரையில் பேசும் உருவத்தையும் இயந்திரமே ஆக்கித் தரும் கருவிகள் பெருகியுள்ளன. இதில் ஒரு மெய்யான வாய்ப்பு இருக்கிறது: முன்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே செலவு கட்டுபடியான பாடங்கள் இப்போது தமிழிலும் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் கோத்தகிரித் தொழிற்சாலை ஒன்றில் படுகு பேசுபவரும், தமிழ் பேசுபவரும், வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் ஒரே பணிநேரத்தில் நிற்கக்கூடும். படுக மொழிக்கும் இருளர், கோத்தர் மொழிகளுக்கும் இக்கருவிகளில் இடம் இல்லை என்றே சொல்லலாம். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் சமுதாய வானொலி, உள்ளூர்க் குரல்களைக் கொண்டே உள்ளூராருடன் பேச முடிந்திருக்கிறது. பயிற்சித் துறை அதைப் பொருட்படுத்தாததற்கு ஒரே காரணம், வானொலி கேட்டவரின் பெயருக்கு எதிரே ‘நிறைவு’ என்று குறிக்க வழியில்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

விற்பவர்களின் சொந்த வழக்கமும் கவனத்துக்குரியது. பயிற்சி மென்பொருள் விற்கும் ஸோஹோ, தன் எதிர்காலப் பணியாளர்களை ஸோஹோ பள்ளிகளில் உதவித்தொகை கொடுத்து ஆசிரியர் முன்னிலையில் வளர்க்கிறது. விங்ஸ்பான் என்னும் கற்றல் தளத்தை விற்கும் இன்ஃபோசிஸ், புதிதாகச் சேர்வோருக்காக மைசூரில் தங்கிப் பயிலும் பெரும் வளாகத்தை நடத்திவருகிறது. இதை முரண்பாடு என்று எள்ளுவதைவிட, ஆழமாக ஊன்ற வேண்டிய திறனுக்கு மனிதர் அருகில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்தே வைத்திருக்கிறார்கள் என்று கொள்வது பொருத்தம்.

தேயிலையில் அத்தகைய திறன் எதுவென்றால், இலையின் வாட்டத்தைக் கைப்பிடியில் அறிவதும், தொழிற்சாலையில் நொதித்தல் என்றே வழங்கப்படும் ஆக்சிஜனேற்றத்தை எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பதை நிறத்தாலும் மணத்தாலும் தீர்மானிப்பதும் ஆகும். காலை வந்த ஈர இலைக்கும் வெயிலில் வந்த இலைக்கும் அந்தக் கணம் வேறு. திரைவழிப் பாடம் இதன் அடிப்படை அறிவியலைச் சொல்லலாம். மூக்கைப் பழக்க முடியாது.

ஆனால் இத்தொழிலில், மற்றத் தொழில்கள் ஏங்கும் ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த மதிப்பீட்டு முறை, பயிற்சியைப் பங்கேற்பாளரின் கருத்து, கற்றது, பணியில் நடத்தை, நிறுவனத்துக்கான விளைவு என நான்கு படிகளில் அளக்கச் சொல்கிறது. நான்காம் படியை அளக்க வழியின்றிப் பெரும்பாலோர் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றனர். குன்னூரிலோ 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலையின் தேயிலையையும் தரகரின் சுவைஞர்கள் வடித்துச் சுவைத்து மதிப்பிடுகின்றனர். பின் வாரந்தோறும் அதற்கு ஒரு விலை விழுகிறது. பருவம், வரத்து, வெளிநாட்டுத் தேவை ஆகியவற்றால் விலை ஏறி இறங்கும் என்பதால் அதைத் தனியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வாரத்தில் அதே ரகத்தின் சராசரியோடு ஒப்பிட்டு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அந்த இடைவெளி எப்படி நகர்ந்தது என்று பார்த்தால், சுவைஞரின் குறிப்புகளோடு சேர்ந்து, அது ஒரு நல்ல சான்றாகும். ஏலம் இணையவழிக்கு மாறிவிட்டதால் இவ்விவரங்கள் எண்ணாகவே கிடைக்கின்றன; எக்ஸ்ஏபிஐ போன்ற பதிவு முறையில் அவற்றைச் சேர்ப்பது தொழில்நுட்ப அளவில் கடினமன்று. ஆயினும் அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் தொழிற்சாலைக்காரரும் இலை கொடுக்கும் விவசாயியும்தான். தணிக்கையாளருக்கு அது தேவையில்லை என்பதால், விற்பவர் தாமாக முன்வந்து அதைச் செய்து தருவார் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் தென்படவில்லை.